கருந்துளையிலிருந்து எக்ஸ் கதிர் வருமா? கேள்வி பதில்

கேள்வி: ஒளியே தப்ப முடியாத இடத்திலிருந்து எக்ஸ் கதிர் எப்படி வருகிறது?

பதில்: துளைக்குள்ளிருந்து எதுவும் வருவதில்லை. பக்கத்து விண்மீனிடமிருந்து இழுபடும் வாயு, நேராக உள்ளே விழாமல் சுற்றிச் சுற்றி ஒரு வட்டாகப் பரவுகிறது. உள்ளே போகப் போகச் சூடு ஏறும். விண்மீன் அளவிலான கருந்துளை என்றால் வட்டின் உள்விளிம்பில் ஏறத்தாழ ஒரு கோடி டிகிரி. நாம் பிடிப்பது அந்த வாயு உள்ளே மறைவதற்கு முன் விடும் கதிரை.

கேள்வி: தொலைநோக்கியைத் தரையில் வைத்தே பார்க்கலாமா?

பதில்: முடியாது, வளிமண்டலம் விழுங்கிவிடும். 1964இல் ராக்கெட்டில் கருவியை மேலே அனுப்பித்தான் சிக்னஸ் எக்ஸ்-1 என்ற எக்ஸ் கதிர் மூலத்தைக் கண்டார்கள்.

கேள்வி: அது நியூட்ரான் விண்மீன் (வெடித்த விண்மீனின் இறுகிச் சுருங்கிய மிச்சம்) இல்லை, கருந்துளைதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: எடை போட்டுத்தான். சிக்னஸ் எக்ஸ்-1உம் அதன் துணை விண்மீனும் ஒன்றையொன்று 5.6 நாளுக்கு ஒருமுறை சுற்றுகின்றன. துணையின் வேகத்தை அதன் நிறமாலையில் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையில்) அளந்தால் மற்றதன் நிறை கிடைக்கும். 2021 கணக்குப்படி ஏறத்தாழ 21 சூரிய நிறை. நியூட்ரான் விண்மீன் மூன்று சூரிய நிறையைக்கூடத் தாங்காது. இன்னொரு தடயமும் உண்டு: நியூட்ரான் விண்மீனுக்குத் தரை இருப்பதால், அதில் குவியும் வாயு சில சமயம் குபீரென்று எரிந்து எக்ஸ் கதிர் வெடிப்பாகத் தெரியும். கருந்துளையில் குவிய இடமே இல்லை. ஆனால் வெடிப்பைக் காணோம் என்பதை மட்டும் வைத்து நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். இதே சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளை இல்லை என்று 1974இல் பந்தயம் கட்டிய இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங், 1990இல் சக இயற்பியலாளர் கிப் தார்னிடம் தோல்வியை ஒப்புக்கொண்டார்!

கேள்வி: கருந்துளை சுழல்கிறதா என்று தெரியுமா?

பதில்: வட்டில் உள்ள இரும்பு, எக்ஸ் கதிர் நிறமாலையில் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றலில் ஒரு கோடு காட்டும். ஈர்ப்பு அந்தக் கோட்டைக் குறைந்த ஆற்றல் பக்கம் இழுத்து அகலமாக்குகிறது. பத்து சூரிய நிறைத் துளை சுழலாவிட்டால் வட்டு மையத்திலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் நின்றுவிடும். வேகமாக, வட்டு சுற்றும் திசையிலேயே சுழன்றால் இன்னும் கிட்டே வரும், கோட்டின் வாலும் நீளும். ஆனால் ஒரே துளையின் சுழற்சியை வேறு முறையில் அளந்தால் வேறு விடை வருவதுண்டு. தசம இடம் வரை நம்ப வேண்டாம்.

கேள்வி: இதற்குப் படம் எடுத்தாலே போதாதா?

பதில்: இத்தனை சிறியதைப் படம்பிடிக்க இன்று வழியில்லை. அதனால் மினுக்கலைப் பார்க்கிறோம். ஒளி மில்லிநொடியில் போவது 300 கிலோமீட்டர்தான். சில மில்லிநொடியில் வெளிச்சம் ஏறி இறங்கினால், அது வரும் இடம் ஓராயிரம் கிலோமீட்டருக்குள்தான் இருக்கும்.