தொலைபேசியில் வந்த பெருமூச்சு

கேள்வி: கல்லூரி ஒன்றில் பணியாளர் பிரிவைக் கவனித்துவருகிறேன். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு விரிவுரையாளரை நியமித்தோம். காவல்துறைச் சரிபார்ப்பில் ஒன்றும் இல்லை. முன்பு வேலை பார்த்த கல்லூரி தந்த கடிதத்தில் ஒரே புகழாரம். சென்ற வாரம் ஒரு மாணவி, நள்ளிரவில் அவர் அனுப்பும் செய்திகளைக் காட்டி, ‘யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்’ என்று அழுதாள். பழைய கல்லூரியைத் தொலைபேசியில் அழைத்தேன். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு; பிறகு, ‘அங்கேயும் ஆரம்பித்துவிட்டாரா?’ இனி எந்த வழக்கு இருந்தவரையும் சேர்க்கவே கூடாது என்கிறார் எங்கள் முதல்வர். இவரிடம் சத்தமில்லாமல் ராஜினாமா வாங்கிவிடலாம் என்ற பேச்சும் ஓடுகிறது. நான் எங்கே தவறினேன்?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் தவறைப் பிறகு தேடுவோம். முதலில் அந்த மாணவி. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தால், அதைக் காப்பாற்ற முடியாது என்பதை அவளிடம் இன்றே சொல்லிவிடுங்கள். தெரிய வேண்டியவர்களைத் தாண்டி விஷயம் போகாது என்ற உறுதியை மட்டும் கொடுங்கள். செய்திகளை அவள் அழிக்காமல் வைத்திருக்கட்டும். புகார் எழுத்து வடிவில் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். அந்த ஆசிரியரைத் தனியே கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கத் தோன்றும், கேட்காதீர்கள். அவர் உஷாராவார், சுமை மாணவியின் தலையில் விழும். விசாரணை முடியும்வரை அவளுடைய விடைத்தாள் அவர் கைக்குப் போகக் கூடாது. இந்தச் சின்ன விஷயத்தைத்தான் குழுக்கள் மறந்துவிடுகின்றன, நீங்கள் நினைவூட்டுங்கள்.

இனி உங்கள் கேள்வி. நீங்கள் சோம்பலாக இருக்கவில்லை. காகிதத்தை நம்பினீர்கள். காவல்துறைப் பதிவில் இருப்பது காவல்துறைவரை போன விஷயம் மட்டுமே. கல்லூரிக்குள் எழும் புகார் பல நேரங்களில் வேறு வழியாகப் போகிறது: புகார், சமாதானம், ராஜினாமா, பிரிவுபசார விழா, நற்சான்றுக் கடிதம். பதிவேட்டில் கறை விழ இதில் இடமே இல்லை.

இங்கிலாந்தின் சோஹம் என்ற ஊரில் 2002-ல் பத்து வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் அங்குள்ள மேல்நிலைப் பள்ளி ஒன்றின் கட்டடப் பராமரிப்பாளர். வேறொரு காவல் வட்டாரத்தில் அவர்மீது ஏற்கெனவே பல பாலியல் புகார்கள் எழுந்திருந்தன. எதிலும் தண்டனை இல்லை. அவர் இரண்டு குடும்பப் பெயர்களைப் பயன்படுத்தியவர். சரிபார்த்தவர்கள் கணினியில் தேடியது ஒரு பெயரை மட்டுமே. சர் மைக்கேல் பிச்சார்ட் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2004-ல் வந்தது. அந்த நாட்டின் சரிபார்ப்புச் சட்டமே அதன்பின் 2006-ல் மாறியது. சோதனை நடக்காமல் போகவில்லை என்பதுதான் இதில் என்னை உறுத்துவது. நடந்தது, ‘ஒன்றும் இல்லை’ என்ற பதிலும் வந்தது.

ஆகவே நான்கு மாதம் கழித்துச் செய்த அந்தத் தொலைபேசி அழைப்பை, நியமன ஆணைக்கு முன்பே செய்திருக்க வேண்டும். விண்ணப்பதாரர் கொடுத்த எண்ணை விட்டுவிடுங்கள். அந்தக் கல்லூரி பொதுவில் வெளியிட்டிருக்கும் எண்ணில் அழையுங்கள். ‘ஆள் எப்படி?’ என்று கேட்டால் ‘தங்கமானவர்’ என்றுதான் பதில் வரும். மாணவர்கள் தரப்பில் புகார் வந்ததுண்டா, விசாரணை நடந்ததா, அது முடியுமுன் விலகிக்கொண்டாரா, மறுபடி விண்ணப்பித்தால் எடுப்பீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தாமதமானால் அதையே குற்றமாக எழுதிவிடாதீர்கள். இன்னும் இரண்டு பேரிடம் விசாரியுங்கள். மானநஷ்ட வழக்குப் பயத்தில் பலர் வாய் திறக்க மாட்டார்கள். முன்னாள் நிறுவனங்கள் இந்த விவரங்களைத் தரலாம் என்ற சம்மதத்தை விண்ணப்பப் படிவத்திலேயே கையெழுத்தாக வாங்கினால், அந்தப் பயம் பெருமளவு குறையும். முந்தைய பெயர்கள், இடையில் விடுபட்ட வருடங்கள் இவற்றையும் அதே படிவத்தில் கேளுங்கள். விடுபட்ட வருடத்துக்குக் காரணம் பிள்ளைப்பேறாகவும் இருக்கலாம், பெற்றோரின் நோயாகவும் இருக்கலாம். சந்தேகத்தோடு கேட்க வேண்டாம், கேட்டால் போதும். விடுதி அறைகளின் சாவி வைத்திருக்கும் ஒப்பந்தப் பணியாளர், மாலையில் மட்டும் வரும் பயிற்சியாளர் ஆகியோரும் இந்தப் படிவத்தை நிரப்புகிறார்களா? என் அனுபவத்தில், இல்லை.

உங்கள் முதல்வரின் கோபம் நியாயமானது, வழி நியாயமற்றது. ‘எந்த வழக்கும் கூடாது’ என்ற விதி இருந்திருந்தாலும் இந்த விரிவுரையாளர் உள்ளே வந்திருப்பார். அவர்மேல்தான் வழக்கே இல்லையே! மாட்டுபவர் வேறு யாரோ. அமெரிக்க ரயில்வே நிறுவனம் ஒன்று இப்படி ஒரு விதி வைத்துக்கொண்டு, ராணுவத்தில் சேர மறுத்ததற்காகச் சிறை சென்றவருக்கு எழுத்தர் வேலை தர மறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1975-ல் அந்த விதியை ஏற்கவில்லை. குற்றம் எத்தகையது, எவ்வளவு காலம் ஆயிற்று, கேட்கும் வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்ற மூன்று அளவுகோல்கள் அந்த வழக்கையொட்டி வந்தவைதான். கல்லூரிக்கும் அவை பொருந்தும். இருபது வயதில் போராட்டத்தில் கைதானவர் வேறு, மாணவியைத் தொல்லை செய்தவர் வேறு. பதிவில் ஏதாவது இருந்தால் விண்ணப்பதாரரிடம் காட்டி விளக்கம் கேளுங்கள். ஒரே பெயரில் வேறொருவரின் குற்றம் வந்து ஒட்டிக்கொள்வது உண்டு.

ராஜினாமாப் பேச்சுக்கு வருகிறேன். குப்பையை அடுத்த வீட்டு வாசலில் கொட்டும் இந்தப் பழக்கத்துக்கு அமெரிக்கப் பள்ளிகளில் ‘குப்பையைக் கைமாற்றுவது’ என்றே பெயர். சிறுவர்களிடம் தவறாக நடந்தவர் என்று தெரிந்தும் இன்னொரு பள்ளியில் வேலை தேடிக்கொள்ள உதவுவதற்கு எதிராக அங்கே 2015-ல் சட்டத்தில் இடம் வைத்தார்கள். உங்களுக்குப் புகழாரம் எழுதி அனுப்பிய கல்லூரி செய்ததும் இதுதான். அவர் விலகினாலும் விசாரணையை நிறுத்தக் கூடாது என்று குழுவுக்கு எழுதுங்கள். முடிவு எதுவானாலும், அவர் குற்றமற்றவர் என்றாலும், அது கோப்பில் ஏறட்டும். நாளை இன்னொரு கல்லூரியிலிருந்து உங்களை ஒருவர் அழைப்பார். அவருக்குப் பெருமூச்சு விடாமல் பதில் சொல்ல உங்களிடம் அந்தக் கோப்பு இருக்க வேண்டும்.