விக்கிப்பீடியாவில் எழுத ஆசைப்படுபவருக்கு எங்கிருந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்குவது?

தொகு பொத்தான் எங்கே இருக்கிறது, இணைப்பு எப்படிக் கொடுப்பது என்பதெல்லாம் அரை மணி நேர வேலை. "உங்களுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது" என்பதைப் புரியவைப்பதுதான் இழுக்கும், அதுவும் விஷயம் தெரிந்தவர்களிடம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஐயா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். என்னிடம் வருவதற்கு முன்பே கணக்குத் தொடங்கி, ‘தானே’ புயல் பற்றி ஒரு பத்தி சேர்த்திருந்தார். மறுநாள் அதைக் காணோம். "எவனோ அழிச்சிட்டான் தம்பி" என்று ஒரே கோபம். கட்டுரையில் நடந்த ஒவ்வொரு மாற்றமும் பதிவாகியிருக்கும் வரலாறு பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் எழுதியது ஓர் எழுத்து குறையாமல் அங்கே இருந்தது. பக்கத்திலேயே, சான்று இல்லாததால் பழைய நிலைக்கு மீளமைத்ததாக ஒரு வரி. பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

மீதிக் கோபம் வேறு மாதிரி. 2011 டிசம்பர் 30 அன்று புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது அவர் இங்கேதான் இருந்தார். "கண்ணால பார்த்தவன்கிட்ட என்ன சான்று கேக்குறது?"

நியாயமான கேள்விதான். "நாளைக்கு இன்னொருத்தர் நானும் பார்த்தேன்னு வேற மாதிரி எழுதினா, படிக்கிறவங்க யாரை நம்புறது ஐயா?" என்றேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், பழைய செய்தித்தாள் நறுக்குகளை ஒரு கோப்போடு கொண்டுவந்தார்!

அப்புறம் மணல்தொட்டியில், அதாவது விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகுவதற்கான பக்கத்தில், உட்கார்ந்தோம். அங்கே எதைப் போட்டு உடைத்தாலும் கட்டுரைக்குச் சேதமில்லை. முதலில் செய்தியை அப்படியே தட்டினார். அது காப்புரிமைச் சிக்கல், சொந்த நடையில்தான் எழுத வேண்டும். சொந்த நடை என்றதும் "கோரத்தாண்டவம்" வந்தது. கலைக்களஞ்சியத்துக்கு அலங்காரம் ஒத்துவராது என்று அதையும் எடுக்கச் சொன்னேன், முகம் சுருங்கியது. கடைசியில் நின்றது ஒரே வாக்கியம்: பண்ருட்டிப் பகுதியில் முந்திரி, பலா மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. கூடவே நாளிதழ் பெயர், தேதி, பக்க எண்.

முதல் நாளே புதுக் கட்டுரை தொடங்க விடாதீர்கள், அதுவும் சொந்தக்காரரைப் பற்றியோ குலதெய்வக் கோயிலைப் பற்றியோ. விசைப்பலகையையும் நீங்கள் தொடாதீர்கள். அவர் ஒற்றை விரலால் தட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. நான் இரண்டு டீ குடித்தேன்.

வெளியிட்ட பிறகு, யாராவது தூக்கிவிட்டார்களா என்று அன்று இரவு எட்டுத் தடவை பக்கத்தைத் திறந்து பார்த்தாராம்.