பதில்: பி.ஏ. முடித்தாச்சு, முதியோர் நலப் பணிக்கு எம்.எஸ்.டபிள்யூ தேவையா?

மார்த்தாண்டத்திலேயே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேரவா, எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணியில் முதுகலைப் பட்டம்) படிக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். படியுங்கள். அந்தப் பட்டம் இல்லாமல் நுழைந்தால் பெரும்பாலும் வார்டன் வேலையோடு நின்றுவிடும்.

இரண்டு வருடப் படிப்பு. சிறப்புப் பாடமாக மருத்துவ, மனநலச் சமூகப்பணியை எடுங்கள். மறதி நோய், மனச்சோர்வு, படுக்கையோடு கிடப்பவர் வீடு எல்லாம் அதில்தான் வரும். கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். வலி நிவாரண சிகிச்சைப் பிரிவு கிடைத்தால் விடாதீர்கள்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் விரல்நுனியில் இருக்கணும். அதன்படி கொடுக்கும் மனு ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) போகும், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என இரண்டு கோட்டங்கள். பராமரிப்புத் தொகை கேட்கும் மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். பலர் சறுக்குவது 23-ஆம் பிரிவில். வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுத்தவர் அதைத் திரும்பக் கேட்டால், 'கவனித்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார் என்று காட்ட வேண்டியிருக்கும். ஆகவே முதல் சந்திப்பிலேயே வீட்டை எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட் பத்திரத்தின் நகலை வாங்கி வரிவரியாகப் படியுங்கள்.

இங்கே பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கும் வீடுகள் நிறைய. பணம் வரும், பேச ஆள் இருக்காது. ஆதரவற்றோர் என்ற கட்டத்துக்குள் இவர்கள் வரமாட்டார்கள், அதனாலேயே கண்ணில் படாமல் போவார்கள். விளவங்கோடு பக்கம் மலையாளமும் கொஞ்சம் பேசத் தெரிந்தால் கதவு சீக்கிரம் திறக்கும். 14567 என்ற முதியோர் உதவி எண்ணைப் போகிற வீடெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.