ஜீப்புக்குப் பெரிய டயரும் ஸ்பேசரும்: மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

தோட்டப் பணிமனைகளில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்பதால், ஜீப்புக்குப் பெரிய டயர் போடுவது பற்றியும், சக்கரத்தை வெளியே தள்ள ஹப்புக்கும் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பாகம்) ரிம்முக்கும் இடையே வைக்கும் ஸ்பேசர் என்ற வளையம் பற்றியும் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்திருக்கின்றன. கேட்டவர்களில் பெரும்பாலானோர் ஏற்றத்தையும் சேற்றையும் மனதில் வைத்தே கேட்டிருக்கிறார்கள். நான் இறக்கத்தையும் சேர்த்துக் கொண்டு பதில் சொல்கிறேன்.

அக்கரப்பத்தனை: ஐயா, என் பிராடோவில் 265/65R17 டயர் இருக்கிறது. தோட்டத்து வழியில் நடுவிலுள்ள கற்கள் அடியில் இடிக்கின்றன. 265/70R17 போட்டால் தீருமா?

ஓரளவு தீரும். 265 என்பது மில்லிமீற்றரில் டயரின் அகலம், 65 அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 17 அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இப்போதைய டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீற்றர். நீங்கள் கேட்கும் அளவின் விட்டம் 803. வித்தியாசம் 27 மில்லிமீற்றராக இருந்தாலும், அதில் பாதிதான், அதாவது சுண்டுவிரல் பருமன்தான், வண்டி உயரும். ஆனால் அந்தச் சுண்டுவிரல் பருமனை அற்பமென்று நினைக்க வேண்டாம். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் உடல்தான் மேலே போகுமே தவிர, பின் அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் (எஞ்சின் வலுவை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும்.

வேகமானி 60 காட்டும்போது முன்னைவிடச் சுமார் 2 கிலோமீற்றர் கூடுதலாக ஓடுவீர்கள். வாங்குவதற்கு முன் அந்த அளவுச் சக்கரம் ஒன்றை இரவல் வாங்கி முன்பக்கத்தில் பூட்டி, ஒரு பக்கத்தை மேட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரு புறமும் முற்றாகத் திருப்பிப் பாருங்கள். மட்காட்டின் பின் மூலையிலும் பம்பரின் ஓரத்திலும் உரசுகிறதா என்பது அப்போது தெரியும். உபரிச் சக்கரத்தையும் அதே அளவில் வாங்குங்கள். நான்கு சக்கரமும் எப்போதும் இயங்கும் வண்டியில் ஒன்று மட்டும் சிறிதாக இருந்தால், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் வலுவைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியல் ஓய்வில்லாமல் உழைக்க வேண்டியிருக்கும்.

ஹப்புத்தளை: புதிய ஜிம்னி வைத்திருக்கிறேன். 235/75R15 டயரும் 30 மில்லிமீற்றர் ஸ்பேசரும் போட்டால் உரசாது என்று நண்பர் சொல்கிறார். சரியா?

நண்பரின் கணக்கில் இரண்டு பிழைகள் உள்ளன. உங்கள் வண்டியோடு வந்த ரிம்மின் அகலம் ஐந்தரை அங்குலம். 235/75R15 டயருக்குக் குறைந்தது ஆறு அங்குல ரிம் வேண்டும். ஆகவே ரிம்மையும் மாற்றியே ஆக வேண்டும். புதிய ரிம்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், தேவையான அளவு வெளியே தள்ளி நிற்கும் ஆஃப்செட்டுடன் (ஹப்பில் அமரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் அளவு) அதைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். நடுவில் ஸ்பேசர் எதற்கு?

இரண்டாவது பிழை, ஸ்பேசர் உரசலை நிறுத்தும் என்பது. டயர் உட்புறத்தில் ஸ்பிரிங்கிலோ கம்பியிலோ உரசினால் ஸ்பேசர் உதவும். வெளிப்புறத்தில் பம்பர் மூலையிலும் மட்காட்டிலும் உரசுவதை அது கூட்டவே செய்யும். சக்கரம் வெளியே போகப் போக, திரும்பும்போது அது வீசும் வட்டமும் பெரிதாகிறது.

இழுவையையும் எண்ணிப் பாருங்கள். வண்டியோடு வந்த 195/80R15 டயரின் விட்டம் 693 மில்லிமீற்றர், 235/75R15 டயரின் விட்டம் 733. கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுதல். அதே கியரில் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை அந்த அளவு குறைந்துவிடும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று ஐதாக இருப்பதால், டர்போ இல்லாத எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை ஏற்கெனவே இழந்துதான் நிற்கிறது. ஒன்றரை லீற்றர் எஞ்சினின் தலையில் இந்தச் சுமையையும் ஏற்றினால், வெலிமடை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் போன இடத்துக்கு இரண்டாம் கியர் கேட்கும். 215/75R15 போடுங்கள், உயரம் 5 மில்லிமீற்றர்தான் கூடும் என்றாலும், பழைய ரிம்மிலேயே பொருந்தும். படம் எடுத்தால் எடுப்பாகத் தெரியாது என்பதை மறுக்கவில்லை.

தலவாக்கலை: மொன்டெரோவுக்கு 5 மில்லிமீற்றர் அலுமினிய வளையம் விற்கிறார்கள். பழைய ஸ்டட்டிலேயே (சக்கர நட் ஏறும் மரையாணி) செருகிப் பூட்டலாமாம். ஆபத்தா?

நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்பதே இதற்குப் பதில். உங்கள் ஸ்டட் 12 மில்லிமீற்றர் தடிப்பானது. ஒரு சுற்றுக்கு நட் ஒன்றரை மில்லிமீற்றர் ஏறும். ஸ்டட்டின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை பிடிக்க வேண்டும் என்பது பொது விதி. அதன்படி எட்டுச் சுற்று வேண்டும். 5 மில்லிமீற்றர் வளையம் மூன்று சுற்றுக்கு மேல் விழுங்கிவிடும். வளையத்தைப் போட்டு, கையால் சுற்றி எண்ணிப் பாருங்கள். எட்டுக்குக் குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: ரிம்மின் நடுத்துளை ஹப்பின் உதட்டில் அமர்ந்து மையம் பிடிக்கிறது. வளையம் அந்த உதட்டை மறைத்துவிட்டால், சக்கரம் மையத்தில் நிற்பது முழுக்க நட்டுகளின் தயவில்தான்.

மஸ்கெலியா: தனி ஸ்டட்டுகளோடு வரும் தடித்த ஸ்பேசர் நல்லது என்கிறார்களே? பேரிங் சீக்கிரம் போகும் என்பதும் உண்மையா?

மெல்லிய வளையத்தைவிட அது நல்லதுதான், ஆனால் அதில் இரண்டு அடுக்கு நட்டுகள் இருக்கின்றன. ஹப்போடு ஸ்பேசரைப் பிடிக்கும் உள் நட்டுகள், சக்கரத்தைக் கழற்றாமல் கண்ணுக்குத் தெரியாது. நான் பார்த்து வந்த தோட்டத்து ஜீப் ஒன்றில் வேறொரு கராஜில் ஸ்பேசர் பூட்டியிருந்தார்கள். சில வாரம் கழித்து கினிகத்தேனை இறக்கத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று சாரதி சொல்ல, நான் வெளி நட்டுகளைச் சோதித்தேன். எல்லாம் இறுக்கமாக இருந்தன. அலைன்மென்ட் பிழை என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் மனம் கேளாமல் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, உள் நட்டுகளில் மூன்று கையாலேயே சுழன்றன. இரண்டு ஸ்டட்டுகளில் மரை தேய்ந்திருந்தது. தவறு பூட்டியவருடையது மட்டுமல்ல, சக்கரத்தைக் கழற்றாமல் அனுப்பிய என்னுடையதும்தான்.

ஆகவே பூட்டியே தீர வேண்டுமென்றால், ஹப்பின் உதட்டில் கச்சிதமாக அமரும் ஸ்பேசரை வாங்கி, முகங்களில் உள்ள துருவைச் சுரண்டிவிட்டு, வண்டியின் கைநூலில் உள்ள அளவுக்கு டோர்க் ரென்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் சாவி) எதிரெதிராக இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் சக்கரத்தைக் கழற்றி உள் நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். பிறகு டயர் மாற்றிப் போடும் ஒவ்வொரு முறையும் இதையே செய்யுங்கள். ஸ்பேசர் மெல்லியதாக இருந்தால் பழைய ஸ்டட்டின் நுனி அதைத் தாண்டி நீட்டி ரிம்மின் முதுகில் முட்டலாம். முட்டினால் ரிம் ஸ்பேசரோடு ஒட்டி அமராது.

பேரிங் விடயம் உண்மை. சக்கரம் வெளியே தள்ளத் தள்ள நெம்புகோல் நீள்கிறது, குழி ஒவ்வொன்றும் பேரிங்கையும் ஸ்டியரிங் மூட்டுகளையும் கூடுதலாக அடிக்கிறது. ஆஃப்செட் மாறிய ரிம்முக்கும் இது பொருந்தும். ஆனால் அங்கே சந்தேகப்பட வேண்டிய நட்டுகள் ஒரே அடுக்குத்தான்.

நுவரெலியா: கொழும்பில் 30 பிஎஸ்ஐ அடித்துவிட்டு மேலே வந்தால் காற்றைக் குறைக்க வேண்டுமா?

வேண்டாம். உயரத்தால் மானியில் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ கூடும், குளிரால் 2 குறையும். காலையில் வண்டி எடுக்குமுன் அளந்தால் போதும்.

பண்டாரவளை: மட் டயரா, ஆல் டெரெய்ன் டயரா?

பெரும்பாலும் ஆல் டெரெய்ன், அதாவது தார் வீதிக்கும் மண்வழிக்கும் பொதுவான டயர். மட் டயரின் பெரிய கட்டைகள் சேற்றில் பிடிக்கும். மழையில் நனைந்த தார் வீதியில் தரையைத் தொடும் இரப்பர் குறைவு என்பதால் பிரேக் தூரம் நீளும். நாள்தோறும் தோட்டத்து மண்வழியில் மட்டும் ஓடும் வண்டிக்கு வேண்டுமானால் மட் டயர் போடலாம். பழைய டயர் வாங்குவதானால், பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறாமல், பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரான டயர்.

இறம்பொடை: பெரிய டயர் போட்ட பிறகு இறக்கத்தில் பிரேக் வாடை வருகிறது. பேட் மாற்ற வேண்டுமா?

பேட்டையும் பிரேக் எண்ணெயையும் சோதியுங்கள், ஆனால் காரணம் அங்கே மட்டும் இல்லை. விட்டம் கூடினால் அதே கியரில் எஞ்சின் பிடிக்கும் பிடியும் குறைகிறது, அந்தப் பாக்கி பிரேக்கின் தலையில் விழுகிறது. டயரின் எடையும் கூடியிருக்கும். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளை போவதற்குள் ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்குகிறீர்கள். முன்பு இறங்கிய கியருக்கு ஒரு கியர் கீழே போட்டு இறங்குங்கள்; பிரேக்கை மிதித்தபடியே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்ற வேண்டாம், டிஸ்க் வளைந்துவிடும். ஒரு கியர் குறைத்து இறங்கியும் வாடை நிற்கவில்லை என்றால், பழைய அளவு டயருக்கே திரும்பிவிடுங்கள்.