'சில்ட்ரன் ஆஃப் தி கார்ன்' உண்மையிலேயே பயமுறுத்தும் படமா?

திகில் பட ரசிகர்கள் எல்லாரும் 1984-இல் வந்த இந்தப் படத்தைச் சொல்கிறார்களே, இப்போது பார்த்தாலும் பயமாக இருக்குமா என்பது கேள்வி.

முதல் சில நிமிடங்கள் இருக்கும். அப்புறம் பயம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிடும். கடைசிப் பகுதியில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

கதை அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கேட்லின் என்ற சிற்றூரில் நடக்கிறது. ஊர் கற்பனை, படம் பிடித்தது பக்கத்து மாநிலமான அயோவாவில். சுற்றிலும் மக்காச்சோளக் காடு. ஐசக் என்ற சிறுவன் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு 'வரிசைகளுக்குப் பின்னால் நடப்பவன்' என்ற ஒரு தெய்வத்துக்காகப் பெரியவர்கள் அத்தனை பேரையும் தீர்த்துக்கட்டுகிறான். சில வருடம் கழித்து அந்த வழியே காரில் வரும் பர்ட், விக்கி என்ற ஜோடி அங்கே மாட்டிக்கொள்கிறது.

அந்தத் தொடக்கக் காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை, ஒரு சிறிய காபிக் கடை. பெரியவர்கள் காபி குடித்துக்கொண்டு ஊர்ப்பேச்சு பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ஐசக் வந்து நிற்கிறான். தலையை லேசாக அசைக்கிறான், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பிள்ளைகள் கதவைப் பூட்டுகிறார்கள். காபியில் விஷம், குடித்தவர்கள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சரிகிறார்கள். மிச்சப் பேருக்குக் கதிரரிவாள். கடையில் இறைச்சி சீவும் மெஷின் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. பிள்ளைகள் முகத்தில் கோபமே இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது. வீட்டில் சொன்ன வேலையைச் செய்வதுபோலச் செய்கிறார்கள்.

ஐசக்காக நடித்த ஜான் ஃபிராங்க்ளினுக்கு அப்போதே இருபது வயதுக்கு மேல். வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டால் சிறுவனைப்போல இருந்தார். சின்ன உடம்பு, முதிர்ந்த கண், பிரசங்கி குரல். மூன்றும் ஒட்டாமல் நிற்பதே பாத்திரத்துக்குப் பலம். விக்கியாக வருபவர் லிண்டா ஹாமில்டன். அதே வருடம் 'டெர்மினேட்டர்' வந்து அவர் பெரிய ஆளாகிவிட்டார். இதில் அவருக்குக் கட்டுண்டு கிடப்பதுதான் முக்கால்வாசி வேலை.

எங்கே கோட்டை விட்டார்கள் என்றால், அந்தத் தெய்வத்தைக் காட்ட முயன்ற இடத்தில். மண்ணுக்கடியில் ஏதோ ஒன்று மேடு தட்டிக்கொண்டு ஓடுகிறது, வானம் சிவக்கிறது. கையில் இருந்ததோ சிறிய பட்ஜெட். அதை மறைக்கத் தெரிந்திருந்தால் காற்றில் அசையும் சோளத் தட்டையே போதும். படத்தில் அப்படி விட்ட இடங்களில் எல்லாம் முதுகு சில்லிடுகிறது. போதாக்குறைக்கு பர்ட் பிள்ளைகளை நிற்க வைத்து மதம் பற்றி ஒரு பிரசங்கம் வேறு செய்கிறான். அவ்வளவு பேரைக் கொன்ற கூட்டம் அதைக் கேட்டு மனம் மாறுகிறதாம். சரி, போகட்டும்.

பயம் வேண்டும் என்றால் மூலக்கதையைப் படியுங்கள். ஸ்டீபன் கிங் 1977-இல் எழுதிய சிறுகதை, அடுத்த வருடம் 'நைட் ஷிஃப்ட்' தொகுப்பில் வந்தது. அதில் பர்ட்டும் விக்கியும் மணமுறிவின் விளிம்பில் இருக்கும் தம்பதி. காருக்குள் ஓயாத சண்டை. யார் சொல்வது சரி என்று நிரூபிக்கும் வீம்பில்தான் ஊரைவிட்டுக் கிளம்பாமல் சிக்குகிறார்கள். படத்தில் அந்தக் கசப்பு போய், பாசமான காதல் ஜோடியாகிவிட்டார்கள்.

தேவாலயத்தில் பர்ட் ஒரு பேரேட்டைப் புரட்டும் இடம் கதையில் உண்டு. பிள்ளைகள் தங்கள் பெயர்களை விவிலியப் பெயர்களாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் பிறந்த தேதி, இறந்த தேதி. அவன் மனக்கணக்காகக் கழித்துப் பார்க்கிறான். எல்லாருக்கும் பத்தொன்பது வயதுதான் வருகிறது. ஒரு சொட்டு ரத்தம் இல்லாத பக்கம் அது. படித்த இரவு விளக்கை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

தொடர்ச்சிப் படங்கள் நிறைய வந்திருக்கின்றன. ஒன்றில் நவோமி வாட்ஸ் இருக்கிறார் என்பதைத் தவிர அவற்றை நினைவில் வைக்கத் தேவையில்லை.

கதையின் முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். படத்தில் பர்ட் சோளக்காட்டைக் கொளுத்துகிறான், ஜோடி தப்பிக்கிறது. கதையில் இருவருமே தப்புவதில்லை. தெய்வத்துக்குப் பலியாகும் வயது பத்தொன்பதிலிருந்து பதினெட்டாகக் குறைகிறது. பதினெட்டு முடிந்தவர்கள் அன்று மாலையே சோளத்துக்குள் நடந்துபோகிறார்கள். அதில் ஒருவனுடைய பிள்ளையைச் சுமக்கும் ரூத் என்ற பெண் காட்டோரம் நின்று அழுகிறாள். அந்தக் காட்டுக்குத் தீ வைக்கவேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் 'வரிசைகளுக்குப் பின்னால் நடப்பவன்' எல்லாவற்றையும் பார்க்கிறான், மனதுக்குள் இருப்பதையும் பார்க்கிறான் என்ற பயத்தில் திரும்பிப் போய்விடுகிறாள்.