மஹிந்திரா தாருக்குப் போட்ட காசு திரும்ப வருமா?

சகோ, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நிற்கும் உங்கள் தார் ஜீப்பை விற்கப் பார்க்கிறீர்கள். அதற்குப் பெரிய டயர், லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் சாமான்), வின்ச் (சிக்கினால் இழுக்கும் கருவி) எல்லாம் போட்டிருக்கிறீர்கள்; அதிகம் ஓடாத வண்டியாக இருந்தும், வாங்க வருகிறவர்கள் ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) பார்த்ததும் நழுவுகிறார்களே, போட்ட காசு திரும்ப வருமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவர்கள் பயம் நியாயம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு முரணாகக் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பழைய டயர், ஸ்பிரிங் வீட்டில் கிடந்தால் திரும்ப மாட்டிவிட்டு, கூடுதல் சாமான்களைத் தனியாக விற்றுவிடுங்கள். செலவு முழுசும் திரும்பாது, அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.

நம்ம கடற்கரை வண்டி என்றாலே வாங்குபவர் துரு இருக்கிறதா என்று முதலில் குனிந்து சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தைத்தான் பார்ப்பார். தனுஷ்கோடி மணலில் ஓட்டியதை மறைக்க வேண்டாம். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, வெல்டிங் ஓரம், போல்ட் தலை என்று துரு பிடித்த இடங்களை அப்படியே போட்டோ எடுத்து விளம்பரத்தில் போடுங்கள். புதுசாகக் கறுப்பு பெயிண்ட் அடித்தால் சந்தேகம்தான் கூடும்.

அப்புறம், "சாவியைக் கொடுங்க, பேரை மெதுவா மாத்திக்கிறேன்" என்பவர் வேண்டவே வேண்டாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் முடித்து, 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவியுங்கள். பெயர் மாறாதவரை விபத்து வழக்கு உங்கள் வாசலுக்குத்தான் வரும். லோன் இருந்தால் அதற்கும் முன்னால் வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யில் இருந்து லோனை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும்.