வாசகர் கேள்வி: வந்தவரும் கூட்டிவந்தவரும்

என் மகன் ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரில் படிக்கிறான். வெளிநாட்டவர் வேண்டாம் என்கிற கட்சி அந்த நாட்டுத் தேர்தலில் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டதாமே. திரும்பி வரச் சொல்லிவிடலாமா?
– மன்னார்குடி வாசகர்

வேண்டாம், படிப்பை முடிக்கட்டும். நீங்கள் சொல்வது ஏ.எஃப்.டி., ‘ஜெர்மனிக்கான மாற்று’ என்று பொருள்படும் கட்சி. 2013இல் யூரோ நாணயத்தை எதிர்த்துப் பொருளாதாரப் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்தது. அந்த வருஷம் 4.7 சதவீத ஓட்டுதான், உள்ளே போக ஐந்து சதவீதம் வேண்டும் என்பதால் நாடாளுமன்ற வாசலோடு சரி. 2015இல் சிரியா பக்கமிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்து இறங்க, கட்சி யூரோவை விட்டுவிட்டு அகதியைப் பிடித்துக்கொண்டது, 2017இல் 12.6, 2025 பிப்ரவரியில் 20.8. மற்ற கட்சிகள் கூட்டணி கிடையாது என்று கதவைச் சாத்தியிருப்பதால் ஆட்சிக்கு வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. வெளிநாட்டவர் நிறைய இருக்கும் மேற்கு ஜெர்மனியில் இந்தக் கட்சிக்கு ஓட்டு குறைவு, அவர்கள் குறைவாக இருக்கும் கிழக்கில்தான் முதலிடம். உங்கள் பையன் இருக்கும் ஊரையே பாருங்கள், 1990 வரை கார்ல் மார்க்ஸ் நகர் என்று பெயர், அப்போது மூன்று லட்சத்தை ஒட்டி இருந்த ஜனம் இப்போது இரண்டரை லட்சம். இரண்டு ஜெர்மனியும் சேர்ந்ததும் ஆலைகள் மூடின, இளசுகள் மேற்கே கிளம்பின, மிச்சம் பெரியவர்கள். வீட்டுக்கு ஒரு பூட்டும் திண்ணையில் ஒரு தாத்தாவுமாக இருக்கும் தெரு நமக்கும் தெரிந்ததுதானே. வந்தவர்கள் மேலான கோபத்தில் பாதி, போய்விட்ட பிள்ளைகளை நினைத்து வருவது என்பது என் கணிப்பு. மற்றபடி பையனிடம் ஜெர்மன் மொழியை ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள், ஊர்வலம் நடக்கும் நாளில் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றும் சொல்லுங்கள். 2018இல் அங்கே வெளிநாட்டு முகம் என்றாலே கும்பல் துரத்தியது நடந்திருக்கிறது.

இங்கிலாந்தில் பிற ஐரோப்பியக் கூலியாட்களுக்குக் கதவை அடைத்தார்களே, உள்ளூர்க்காரனுக்கு வேலை கிடைத்ததா?
– குடவாசல் வாசகர்

பாஸ்டன் என்று ஓர் ஊர், அமெரிக்காவில் இருப்பது அல்ல, இது லிங்கன்ஷயரில். கடலோரச் சதுப்பை வடித்து விளைநிலமாக்கிய தட்டை பூமி, வாய்க்காலும் மதகுமாக நம் கடைமடை மாதிரி. நெல்லுக்குப் பதில் முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. 2004க்குப் பிறகு போலந்து, லிதுவேனியா ஆட்கள் அறுப்புக்கும் பொட்டலம் கட்டவும் வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கடைத்தெருவின் பாஷையே மாறியது, வாடகை ஏறிவிட்டது, டாக்டரைப் பார்க்க முடியவில்லை என்று உள்ளூர்க்காரர்கள் புலம்பினார்கள். அந்தப் புலம்பலை இனவெறி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. 2016 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறு என்று அங்கே 75.6 சதவீதம் பேர் போட்டார்கள், நாட்டிலேயே அதுதான் அதிகம். 2024இல் குடியேற்ற எதிர்ப்பைப் பேசும் ரிஃபார்ம் யூ.கே. கட்சியின் ரிச்சர்ட் டைஸ் அந்தத் தொகுதியில் ஜெயித்தார்.

சரி, கோஸை யார் அறுக்கிறார்கள்? பருவத் தொழிலாளி விசா என்று ஒன்று கொண்டுவந்தார்கள். 2019இல் 2,500 பேர், நாலைந்து வருஷத்தில் வருஷத்துக்கு 45,000 வரை. கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான் என்று இன்னும் தூரத்திலிருந்து ஆள் வருகிறது. போலந்துக்காரனாவது பிடிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போகலாம், இவர்கள் ஆறு மாதம் முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டும். இத்தாலியிலும் இதே கதைதான். அங்கே மெலோனி என்ற தலைவர், அகதிகள் வரும் கடல்வழியில் கடற்படையை வைத்துப் படகுகளை மறிப்பேன் என்று பேசியவர், 2018இல் 4.4 சதவீதமாக இருந்த கட்சியை 2022இல் 26க்குக் கொண்டுபோய்ப் பிரதமரானார். அடுத்த வருஷமே அவர் அரசு 2023 முதல் 2025 வரை 4,52,000 வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அனுமதி அறிவித்தது. பண்ணைக்கு ஆள் வேண்டுமே.

குறுவை நடவுக்கு வடக்கத்தி ஆட்கள் வந்து எங்கள் பெண்கள் பிழைப்பு போகிறது. இவர்களைத் தடுக்க இங்கேயும் ஒரு கட்சி வந்தால் என்ன தப்பு?
– திருத்துறைப்பூண்டி வாசகி

உங்கள் நஷ்டம் நிஜம், மறுக்க மாட்டேன். நீடாமங்கலம் பக்கம் ஒரு வயலில் பார்த்தேன்: கயிறு பிடித்து, ஆண்களே வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்து நடுகிறார்கள், நம்மூரில் அது பெண்கள் வேலை. வரப்பில் ஒரு செல்போன் போஜ்புரிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. சாப்பாடு சோறும் உருளைக்கிழங்கும் பச்சை மிளகாயும். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிய பணம் நடுவில் நின்ற ஒருவர் கைக்குப் போனது, அதில் இவர்களுக்கு எவ்வளவு என்று கேட்டேன், சிரித்துவிட்டுப் போனார். மொழி புரியாததாலா, வேறு எதனாலா!

அந்த நடு ஆளுக்கு இங்கிலாந்தில் கேங்மாஸ்டர் என்று பெயர், இத்தாலியில் கப்போராலே. நாகப்பட்டினத்தில் மலேயாவுக்குக் கப்பலேற்றிய காலத்தில் நாம் கங்காணி என்றோம். இந்தக் கட்சிகளின் மேடைப் பேச்சைக் கேட்டுப் பாருங்கள், படகில் வந்தவனைப் பற்றிப் பேசும் அளவுக்கு வரவழைத்தவரைப் பற்றிப் பேச்சே இருக்காது. கீழத்தஞ்சைக்கு இது புதுசும் இல்லை. கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டபோது வெளியூர் ஆளை இறக்கித்தான் மிராசுதார்கள் பதில் சொன்னார்கள், அந்தத் தகராறின் கடைசியில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். அன்று வெளியூர் என்றது பீகார் இல்லை, பக்கத்துக் கிராமம். அதனால் கட்சிக்குக் காத்திருக்காமல் சங்கத்தைக் கூட்டி, ஏக்கர் கூலி யார் நட்டாலும் ஒன்றுதான் என்று பேசி முடியுங்கள். ஆள் மலிவாகக் கிடைக்காவிட்டால் யாரும் ரயில் டிக்கெட் எடுத்துக் கூட்டிவர மாட்டார்.

தமிழனுக்கு எதிராக இப்படி யாராவது கட்சி நடத்தியதுண்டா?
– பூம்புகார் வாசகர்

பம்பாயில், 1966இல் தொடங்கிய சிவசேனை. ஆபீஸ் குமாஸ்தா வேலையும் ஓட்டலும் ‘மதராசி’ கையில் இருக்கிறது என்பதே ஆரம்பகாலப் பேச்சு, வேட்டி லுங்கியைக் கிண்டலடித்துக் கோஷம் வேறு.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில். அங்கேயும் இந்தக் காற்று வீசுமா?
– கூத்தாநல்லூர் வாசகி

லேசாக வீசியது. 2030இல் மக்கள்தொகை 69 லட்சம் வரை போகலாம் என்று 2013இல் அரசு வெள்ளை அறிக்கை விட, ஹாங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கில் கூடி எதிர்த்தார்கள். அரசு சுதாரித்துக்கொண்டு வெளிநாட்டவர் வேலை விதிகளை இறுக்கியது. தனியாக ஒரு கட்சி இதை வைத்துப் பெரிதாக வளரவில்லை. கிளம்புகிற பிள்ளைக்கு ஒன்று சொல்லுங்கள்: வேலை அனுமதிக்கு முன் வரும் ஒப்புதல் கடிதத்தில் சம்பளமும் பிடித்தமும் எழுதியிருக்கும், அதைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். ஏஜெண்ட் வாயால் சொன்ன தொகையும் அதுவும் ஒன்றா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டட்டும்.